தரை தெரியும் ஜன்னல்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீடு முடிந்து பால் காய்ச்சும் நாளில் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் ஒரு புடவையோ வேட்டியோ வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு, இட்லி கேசரி சாப்பிட்டு, வாசலில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு வந்தால் அதோடு சரி. அப்புறம் அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அவர்களாகக் கூப்பிட்டால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்போதும் சைட் இன்ஜினியரைத்தான் அனுப்புவோம். என் பீரோவில் அப்படி வந்த புடவைகள் ஒரு தட்டு நிறைய அடுக்கியிருக்கின்றன. அந்த வீடுகளில் இன்று யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், எந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒன்றரை அறை ஆபீஸ் வைத்திருக்கிறேன். வாரத்தில் சில மதியங்கள் வண்டலூர் தாண்டி ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கூடப் படித்தவர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற வயதில், அதே கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கும் பதிந்துகொண்டேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அதற்குப் பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். சைட்டில் வாய் திறந்தால், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மேடம்" என்று என் இன்ஜினியர் சிரிப்பார். கல்லூரியில் வாய் திறந்தால், "நீங்க இன்னும் சைட்லேயே நிக்கறீங்க" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றுவார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டும்.

என் ஆராய்ச்சி தூக்கிய வீடுகளைப் பற்றியது. பெருவெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வீடுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், நிஜமாகவே தூக்குவதுதான். சுவரின் அடியில் குடைந்து வரிசையாக ஜாக்கிகளை வைத்து, வடக்கேயிருந்து வந்த ஆட்கள் ஒரு குரலுக்கு ஒரு திருகாகத் திருகுவார்கள். வீடு நூல் நூலாக எழும்பும். வேண்டிய உயரம் வந்ததும் அடியில் செங்கல் கட்டி நிரப்பிவிடுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துபோன முடிச்சூரில், பலருக்கு வேறு வழியும் இல்லை. அந்த வீடுகளில் விரிசல் எங்கே வருகிறது, தண்ணீர் எங்கே போகிறது என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

முடிச்சூரிலிருந்து ஒரு தம்பதி என் ஆபீசுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆனால் கைகள் இரண்டும் உலக்கை மாதிரி. சக்கர நாற்காலியை யார் தயவும் இல்லாமல் தானே தள்ளிக்கொள்வார். மாலையானால் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக கேட்டுக்குப் போய்விடுவார். இஸ்திரி வண்டிக்காரர், டியூஷன் போகும் பிள்ளைகள், ஸ்டேஷனிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் அவரிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். காலை எடுத்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த உலகம் அந்த கேட்தான்.

மாடிப்படி ஏற முடியாததால் அவரைக் கீழே ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு அந்த அம்மா மட்டும் மேலே வந்தார். நான் கீழே இறங்கிப் போனேன். ஆட்டோவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுதான் முதல் பேச்சு நடந்தது.

"எவ்ளோ உசரம் முடியுமோ அவ்ளோ தூக்கிடுங்க மேடம். நாலடியோ அஞ்சடியோ, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அம்மா.

"தூக்கிடுங்க, தூக்கிடுங்க. அப்பிடியே என்னையும் மேலயே வெச்சிருங்க. எனக்கு வெச்ச சோத்தைக் காக்கா வந்து துன்னுட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

"வாயக் கழுவுங்க" என்று அதட்டிவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "வெள்ளத்தன்னிக்கு கட்டில்ல படுத்துகினு இருந்தாரு மேடம். தண்ணி கட்டிலுக்கு வந்துச்சு. கட்டில் மேல சேர் போட்டு ஒக்கார வெச்சேன். சேருக்கும் வந்துச்சு. பக்கத்து வூட்டுப் பசங்க வந்து மாடிக்குத் தூக்கினு போற வரைக்கும் நான்தான் புடிச்சுகினு நின்னேன். கை மரத்துப் போச்சு. விட்டுட்டா இன்னா ஆயிருக்கும்னு இன்னிக்கும் தூக்கத்துல வருது."

அவர் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவுக்கு அவரைத் தண்ணீர் தொடக் கூடாது. அவருக்குத் தெரு வேண்டும். வீட்டை நாலடி தூக்கினால் வாசலில் படிகள் வந்துவிடும்; படி வந்தால் அவர் உள்ளேதான். இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைக்கச் சொல்லித்தான் என்னிடம் வந்திருந்தார்கள்.

சாய்தளம் ஒன்றே வழி. ராம்ப் என்று நாங்கள் சொல்வது. ஓரடி உயர பன்னிரண்டு அடி நீளம் என்பது புத்தகக் கணக்கு. நாலடிக்கு நாற்பத்தெட்டு அடி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம். அந்தப் பக்கவாட்டுச் சந்து முழுவதும் அதற்கே போய்விடும். பெங்களூரிலிருந்து வீடியோவில் பேசிய மகனுக்குக் கார் நிறுத்த இடமில்லாமல் போகிறதே என்று வருத்தம். "எட்டடிக்கு ஒரு அடி போதும் மேடம், எல்லாரும் அதான் போடறாங்க" என்றார் என் இன்ஜினியர். புத்தகத்தின் மேலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை, 'எல்லாரும்' மேலும் இல்லை. கட்டுவதற்கு முன் முழு அளவில் செய்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஆபீசில் அதற்கு இடம் ஏது? கல்லூரி முற்றத்தில் மாணவர்கள் பிளைவுட்டும் சவுக்குக் கம்பும் வைத்து இரண்டு சரிவுகளிலும் ராம்ப் செய்தார்கள்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார், சலவைச் சட்டையும் திருநீறுமாக. செங்குத்தான ராம்ப்பில் பாதி ஏறும்போதே சக்கரம் பின்னால் நழுவியது, பசங்கள் பிடித்துக்கொண்டார்கள். சரிவு குறைந்ததில் நிதானமாக ஏறி உச்சியில் நின்றார்.

"இன்னா மேடம், மேல வந்தா டீ கீதுன்னு சொன்னாத்தானே ஏறுவோம்" என்றார். ஒரு மாணவி கேண்டீனுக்கு ஓடினாள். குடித்துவிட்டு இறங்கி, மறுபடி ஏறிக் காட்டினார். ஒருத்தர் அளந்தார், ஒருத்தர் எழுதினார், பலர் படம் எடுத்தார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றாமலே, "இதுதான் வேணும்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் பிழைப்புக்குச் செய்வதும் மதியம் படிப்புக்குச் செய்வதும் முதல் முறையாக ஒரே இடத்தில் நின்றன.

அன்றைக்கு முழுவதும் அந்த அம்மா மரத்தடி சிமெண்ட் பெஞ்சில், தண்ணீர் பாட்டிலும் மாத்திரைப் பையுமாக இருந்தார். கணவர் ஏறத் தொடங்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். இறங்கி முடித்ததும் உட்காருவார். பல படங்களில் அந்த அம்மா ஓரத்தில் விழுந்திருந்தார். ஆய்வேட்டில் சேர்க்கும்போது படம் சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டினேன். ஆராய்ச்சியில் அது சகஜம்.

வீட்டைத் தூக்கினோம். ராம்ப் கட்டினோம். மறுபடி பால் காய்ச்சினார்கள். எனக்கு மாம்பழ நிறத்தில் ஒரு சுங்கடிப் புடவை கிடைத்தது. ராம்ப்பில் முதலில் இறங்கியவர் அவர்தான். கீழே கேட்டில் நின்று எங்களைப் பார்த்து, ஊருக்குப் போகிறவர் மாதிரி டாட்டா காட்டினார். தெருவே சிரித்தது. வழக்கப்படி என் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

வழிகாட்டி விடவில்லை. குடியேறிய பிறகு வீடு எப்படிப் பயன்படுகிறது என்று போய்ப் பார்க்காமல் அத்தியாயத்தை வாங்க மாட்டேன் என்றார். இரண்டு மழைக்காலம் போயிருந்தது. தொழில் வழக்கத்தை மீறிக்கொண்டு, கையில் அளவு நாடாவும் காமிராவுமாக முடிச்சூர் போனேன்.

ராம்ப்பில் ஒரு விரிசல் இல்லை. அதன்மேல் நடுவாக்கில் பாய் விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கீழே, சந்து முடிகிற கேட்டில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அவர் ஹாலில் டிவி முன்னால் இருந்தார். முகம் வெளுத்து, கொஞ்சம் ஊதியிருந்தது.

"நல்லா கீது மேடம். ராம்ப் சூப்பரு. போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். நாற்காலிச் சக்கரங்களைப் பார்த்தேன். தெருப் புழுதி ஒரு துளி இல்லை.

"பூட்டு யாரு போட்டது?"

"நான்தான்" என்றார் அந்த அம்மா. "எனக்கு பயமா கீது மேடம். வேற ஒண்ணும் கேக்காதீங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் கோபக்காரி, என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மனுஷனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கா நாற்பத்தெட்டு அடி ராம்ப் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆபீஸ்காரியாக மட்டும் இருந்திருந்தால் கொட்டிவிட்டு வந்திருப்பேன். ஆராய்ச்சி எனக்குக் கற்றுக்கொடுத்த உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. சாயங்காலம் வரை இருக்கட்டுமா என்று கேட்டேன். "இருங்க, சாப்ட்டுப் போலாம்" என்றார்.

சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா எண்ணெய் வைப்பார், அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஹாலுக்குப் போய் எட்டிப் பார்ப்பார், வருவார். கடுகு போடுவார், போய்ப் பார்ப்பார். "இங்கதான் கீறேன், எங்கியும் பறந்து போவல" என்று ஹாலிலிருந்து குரல் வரும். குழம்பு கொதி வருவதற்குள் இப்படி எத்தனை நடை. பார்க்கப் பார்க்க எனக்கே கால் வலித்தது.

அந்த அம்மா ஒருமுறை ஹாலுக்கு நகர்ந்தபோது எழுந்து போய், அவர் நிற்கும் இடத்தில், அடுப்பின் முன்னால் நின்றேன். எதிரே ஜன்னல். அதில் பக்கத்து வீட்டுச் சுவரும், ஒரு குழாயும், கொஞ்சம் வானமும் தெரிந்தன. எட்டி, மேடையில் கையூன்றிப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவரின் தலை மட்டும் தெரிந்தது. ராம்ப் இல்லை. கேட் இல்லை. தரையே இல்லை.

"வீட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி இங்கேர்ந்து என்னம்மா தெரியும்?" என்று திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

கரண்டியோடு நின்று யோசித்தார். "கேட்டு தெரியும். அவரு முதுகு தெரியும். இப்பிடிக்கா திரும்பினா தெரியும்" என்று தலையைச் சாய்த்துக் காட்டினார். சாய்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "போன மழைல தெருல தண்ணி நின்னப்ப எறங்கிப் போய்ட்டாரு மேடம். கூப்ட்டேன், பதில் இல்ல. ஓடிப் போய்ப் பாத்தா கேட்டாண்ட தண்ணில நின்னு யாரோடயோ பேசிகினு கீறாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கை மரத்துப் போச்சு. அன்னிக்குப் போட்டதுதான் பூட்டு."

வீட்டைத் தூக்கியபோது ஜன்னலும் கூடவே நாலடி மேலே போய்விட்டது. தரையில் அவர் இருக்கிறார். மேலே இந்த அம்மாவின் கண் இருக்கிறது. நடுவில் நாங்கள் தூக்கி வைத்த சுவர் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று பார்த்தோம், சக்கரம் எவ்வளவு ஏறும் என்று பார்த்தோம். ஒருத்தர் வெளியே போனால் இன்னொருத்தர் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் இருந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அந்தக் குழம்பை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

சமையல் மேடைக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர் நிற்கும் இடத்தில் சுவரை உடைத்துத் தரை வரைக்கும் ஒரு நீள ஜன்னல் வைக்கலாம் என்றேன். "கிச்சன்ல முழங்காலுக்குக் கீழ ஜன்னலா? பாக்கறவன் சிரிப்பான்" என்றார் என் இன்ஜினியர். ஆனாலும் மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் ஓடுவதைத் தட்டிப் பார்த்து, பயமில்லை என்று அவரே நின்று உடைத்துக் கொடுத்தார். சிலிண்டர் வெளியே போயிற்று, கம்பி போட்டோம். அடுப்பின் முன் நின்று தலையை வலது பக்கம் சாய்த்தால் ராம்ப்பின் பாதியும், கேட்டும், கேட்டுக்கு வெளியே ரோடும் கீழே கிடந்தன.

அந்த அம்மா நின்று பார்த்தார். கீழே கேட் அருகே அவர் முதுகு தெரிந்தது. "தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"இன்னா, இப்ப சந்தோஷமா? இனிமே ஒரு பீடி புடிக்க முடியுமா நானு?" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. பூட்டு அன்றே கேட்டிலிருந்து சமையலறை ஆணிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் போன நாட்களிலெல்லாம் ஒன்று கவனித்தேன். கேட்டை அடைந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். உள்ளே அந்த அம்மா அடுப்பைப் பெரிதாக்குவார்.

எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வீடு ஆராய்ச்சி ஆகாது." அவர் சொன்னது சரிதான். அதனால் நான் முன்பு அளந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். விரிசலைக் கேட்கவில்லை. முன்பு எங்கே நின்று கேட்டைப் பார்ப்பீர்கள், இப்போது எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு வீட்டில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை வெளியே விடுவதை நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு மாமியார் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை; மேலே வந்த பிறகு என்னமோ பயம் என்றார்கள். அதைப் படித்துவிட்டு வழிகாட்டி தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தார். பிறகு, "இது நம்ம லைப்ரரி அலமாரிக்குப் போயிடும். அவங்களுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார்.

"எனக்கு மருந்துக்கடை மாடியில ஒரு ஆபீஸ் இருக்கு சார்" என்றேன்.

இப்போது எங்களிடம் தூக்க வரும் வீடு எதுவானாலும் முதலில் அடுப்பின் முன்னால் போய் நின்று பார்க்கிறோம். நான் சொல்வதற்கு முன்பே இன்ஜினியர் வரைபடத்தில் ஒரு தாழ்ந்த ஜன்னலைப் போட்டுவிடுகிறார். யாராவது சிரித்தால் அவர்தான் சண்டைக்குப் போகிறார்.

பட்டம் வாங்கிய வருடமே, ஒரு காலையில் அந்த அம்மாவின் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. தண்ணீரும் இல்லை, ராம்ப்பும் இல்லை. அவர் கணவருக்கு விடியற்காலையில் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. மாம்பழப் புடவையைத் தொட்டுவிட்டு, வேறொன்றைக் கட்டிக்கொண்டு போனேன்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நாற்காலியை மடித்து மூலையில் சாத்தியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகன் வந்து சேர மதியமாயிற்று. எடுக்கும் நேரத்தில் ஆட்கள் முன்வாசல் படிப்பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா, "சைடால எடுத்துனு போங்க" என்றார்.

"வாசல் வழியாத்தாம்மா எடுக்கணும்" என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர்.

"அவரு வாசல் அதான்."

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினான். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருவரை வந்து நின்றுவிடுவார்கள். எல்லாப் பெண்களும் அழுதுகொண்டு கேட் பக்கம் போனார்கள். அந்த அம்மா மட்டும் எழுந்து உள்ளே நடந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்துப் பின்னால் போனேன்.

அடுப்பு மூட்டாத சமையலறை. அவர் மேடையில் ஒரு கையை வைத்து, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, தலையை வலது பக்கம் சாய்த்தார். நான் கதவருகே நின்றுகொண்டேன். வெளியே மேளம் அடித்தது. கொள்ளிச் சட்டியோடு மகன் முன்னால் இறங்க, பாடை ராம்ப்பில் நிதானமாக இறங்கியது. நாலு பேர் தோளிலும் அது கொஞ்சமும் சாயவில்லை. கேட்டில் திருப்புவதற்காக ஒரு கணம் நின்றார்கள். அந்த அம்மா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

பிறகு அவர்கள் கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினார்கள். மேளச் சத்தம் தெருக்கோடிக்குப் போயிற்று. பெண்கள் உள்ளே வந்து குடம் குடமாக ஊற்றி வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். தண்ணீர் கூடத்தைக் கடந்து ராம்ப் வழியே தெருவுக்கு ஓடியது. யாரோ ஒரு பெண் கீழே போய் கேட்டை இழுத்துச் சாத்தப் போனாள்.

அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்து கூப்பிட்டார்.

"அதச் சாத்தாதம்மா. தொறந்தே கெடக்கட்டும்."